சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை பிரித்துக் கொடுப்பது: சார்ட் ஒட்டியும் ஓடவில்லை, என்ன செய்யலாம்?

தங்கச்சிமடம் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அடுத்தவன் ஐந்து முடிந்து ஒன்றாம் வகுப்பு. கடைக்குட்டிக்கு மூன்று, அங்கன்வாடிக்குப் போகிறாள். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். திங்கள், புதன், சனி கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைத்தால் ஆள் கடலில். மறுநாள் கரைக்கு வந்து மீன் இறக்கி, கணக்குப் பார்த்து, வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவார். நானும் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், ஒன்பதரைக்கு அங்கே இருக்க வேண்டும். அத்தை எங்களோடுதான் இருக்கிறார்கள், முழங்கால் வலி, குனிந்து செய்கிற வேலை முடியாது.

பிள்ளைகளுக்கு வேலை பழக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆசை என்ன ஆசை, ஆள் பற்றாக்குறை, அவ்வளவுதான். மதுரையில் இருக்கிற நாத்தனார் எங்கிருந்தோ ஒரு சார்ட் எடுத்து லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "கட்டிலில் போர்வையைச் சரிசெய்" என்று இருக்கிறது, நாங்கள் எல்லோரும் பாயில் படுக்கிறவர்கள். "செடிக்குத் தண்ணீர் ஊற்று" என்று இருக்கிறது, இங்கே குழாயில் தண்ணீர் எந்த நாள் வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்த அன்றைக்கு அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்க வேண்டும். "நாய்க்குச் சோறு வை" என்றும் ஒன்று. தெருவில் உள்ள நாய்களுக்கு மீன் தலை போதும், சோறு கேட்டதில்லை.

சரி, நம் வீட்டு வேலைகளை எழுதி ஒட்டி, செய்தால் ஸ்டார் என்று வைத்தேன். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் ஐந்து வயதுக்காரன் சொம்பைக் கையில் எடுக்கும் முன்பே "இதுக்கு எத்தனை ஸ்டார்?" என்கிறான். மூத்தவள் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்து ஸ்டார் முழுக்க வாங்கிக்கொள்கிறாள், இவன் தோற்றுப்போய் அழுகிறான். ஸ்டாரை விட்டு வேலைக்கு இரண்டு ரூபாய் என்று மாற்றிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

இதற்கு மேல் அத்தை. பேரன் விளக்குமாற்றைத் தொட்டால் போதும், "ஆம்பளப் பிள்ளை கையில அதைக் கொடுக்காதே" என்று பிடுங்கி மூத்தவளிடம் கொடுத்துவிடுவார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டுக்குள் எவ்வளவு மணல் வரும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கூட்டினால் மதியம் காலில் நறநறக்கும். அந்தக் குட்டிப் பெண் ஒருத்தியே கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

எந்த வயதுக்கு என்ன வேலை, கத்தாமல் எப்படி ஞாபகப்படுத்துவது, காசு கொடுக்கலாமா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கீழக்கரை லாத்தா:

முதலில் அந்தச் சார்ட்டைக் கழற்றுங்கள் தங்கச்சி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்து வேலை செய்யாது, மூன்று வயதுக்காரிக்கு அது சுவரில் ஒரு படம். சின்னப் பிள்ளைக்கு மணிக்கணக்கும் தெரியாது. "ஏழரைக்குத் தண்ணீர் பிடி" என்றால் அதற்கு ஒன்றும் விளங்காது. ஒரு விஷயம் நடந்ததும் அடுத்தது நடக்கும் என்பது மட்டும் நன்றாக விளங்கும்.

எங்கள் வீட்டில் நான் பழக்கியது அப்படித்தான். தெருக்குழாயில் காற்று வருகிற சத்தம் கேட்கும் பாருங்கள், தண்ணீர் வருவதற்கு முன்னால் உஸ்ஸென்று, அந்தச் சத்தம்தான் எங்களுக்கு மணி. கேட்டதும் பெரிய மகன் தள்ளுவண்டியில் காலிக் குடங்களை வைப்பான். சின்னவள் குடத்து மூடிகளையும் வடிகட்டும் துணியையும் எடுத்து வருவாள். மூடி என்றால் சாதாரணமாக நினைக்க வேண்டாம், மூடி இல்லாமல் வண்டியைத் தள்ளினால் பாதித் தண்ணீர் ரோட்டுக்குப் போய்விடும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த வேலையில் அவளுக்கு அவ்வளவு கெத்து, ஒரு நாள் என் தம்பி மகன் மூடியை எடுத்துவிட்டான் என்று பெரிய சண்டை. நிறைந்த குடத்தைத் தூக்குவது மட்டும் பெரியவர்கள்.

இதேபோல பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வாசல் வாளியில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே. உங்களுக்கு மணல் தொல்லை என்கிறீர்கள், கூட்டுவதை விட மணலை வாசலோடு நிறுத்துவது சுலபம். செருப்பை உதறி, ஜோடி ஜோடியாக அடுக்கி, கால் துடைக்கிற சாக்கை உதறிப் போடுகிற வேலையை மூன்று வயதுக்காரியிடம் கொடுங்கள். ஜோடி சேர்ப்பது அந்த வயதுக்குப் பெரிய விளையாட்டு.

முக்கியமாக, வேலையைச் சுற்றில் விடாதீர்கள். திங்கள் நீ, செவ்வாய் அவன் என்று மாற்றினால் தினமும் "இன்றைக்கு என் முறை இல்லை" வழக்கு வரும். இவன் வேலை இது, இவள் வேலை இது, ஒரு பள்ளிப் பருவம் முழுக்க. கை பழகட்டும். அடுத்த வருஷம் பெரிய வேலைக்கு ஏற்றிவிட்டுப் பழையதைத் தங்கைக்குக் கொடுங்கள்.

மாமியார் விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை, எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். என் உம்மாவிடம் நான் படுகிற பாடு வேறு கதை.


சும்மா ஒருவன்:

மூன்று வயசுப் பிள்ளைக்கு வேலையா? பாவம், விளையாடட்டும். நம் தலைமுறை பாசி பொறுக்கி, கருவாடு காயப்போட்டு, விறகு வெட்டியது போதும். இதுவும் ஒரு குழந்தைத் தொழிலாளர் கேஸ்தான். படிக்க விடுங்கள், வளர்ந்தால் தானாக வந்துவிடும்.


தொண்டி டீச்சர்:

தம்பி, தானாக வருவதில்லை. இருபது வயதில் தான் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கத் தெரியாமல் விடுதிக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சட்டத்தைப் பற்றிச் சொன்னீர்கள், 2016 திருத்தத்தின்படி பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத விஷயத்தில் வீட்டுக்குக் கைகொடுப்பதை அது தடுக்கவில்லை. ஆனால் நீங்கள் பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வேலைக்காகப் பள்ளிக்கு லீவு போட வைத்தால், படிக்கிற நேரத்தையோ விளையாடுகிற நேரத்தையோ தின்றால், அது தப்பு. மூன்று வயதுக்கு ஐந்து நிமிஷ வேலை, எட்டு வயதுக்குக் கால் மணி, இருபது நிமிஷம். அதைத் தாண்ட வேண்டாம்.

மருமகளே, இரண்டு ரூபாய் யோசனையை விட்டுவிடு அம்மா. 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்று மூன்று பேர் நர்சரிப் பிள்ளைகளிடம் ஒன்று செய்து பார்த்தார்கள். படம் வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகளாகப் பார்த்து எடுத்து, ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தன. எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு அந்தச் சலிப்பு வரவில்லை. 2008இல் ஜெர்மனியில் வார்னெக்கென், டொமசெல்லோ இரண்டு பேரும் இன்னும் சின்னதுகளிடம், இருபது மாதக் குழந்தைகளிடம், பார்த்தார்கள். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுத்ததற்குப் பொம்மை வாங்கிப் பழகிய குழந்தைகள் அப்புறம் உதவுவது குறைந்தது. ஒன்றும் வாங்காத குழந்தைகள் தொடர்ந்து எடுத்துக் கொடுத்தன. உன் மகன் "எத்தனை ஸ்டார்" என்று கேட்பது இதே கதைதான். திருவிழாவுக்குக் கைச்செலவுக்குக் காசு கொடு, தாராளமாகக் கொடு, ஆனால் அதை வேலையோடு முடிச்சுப் போடாதே.

இன்னொன்று, வேலையைச் சொல்லிக் கொடுக்கிற முறை. நாம் "துண்டை மடி" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். பிள்ளை சுருட்டி வைக்கிறது. நாம் திட்டிவிட்டு அதன் கண்முன்னாலேயே பிரித்து மறுபடி மடிக்கிறோம். அன்றோடு அந்த வேலை போச்சு. அதற்குப் பதிலாக வேலையைக் கடைசியிலிருந்து கொடுத்துப் பார். துண்டை நீயே முக்கால்வாசி மடித்துக் கடைசி மடிப்பை மட்டும் பிள்ளையிடம் விடு, அது மடித்துக் கொண்டுபோய் அலமாரியில் வைக்கட்டும். "முடித்தது நான்" என்ற நினைப்பு பிள்ளைக்கு வரும். பழகியதும் கடைசி இரண்டு மடிப்பு, அப்புறம் மூன்று. அங்கன்வாடிப் பிள்ளைகள்கூட இப்படிக் கற்றுக்கொள்ளும். மடிப்பு கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், துண்டுதானே.

வயதுக்கு வேலை கேட்டாய். மூன்று வயதுக்குச் செருப்பு ஜோடி, தன் தட்டைக் கொண்டுபோய் வைப்பது, துவைத்த துணியில் சின்னத் துணிகளைப் பிரித்து எடுப்பது. ஐந்துக்குப் பூண்டு உரிப்பது, ஊறவைத்த சின்ன வெங்காயத்தில் தோல் எடுப்பது, எல்லோருக்கும் தட்டு டம்ளர் எடுத்து வைப்பது, பாய் சுருட்டுவது. பாய் சுருட்டுவதை மட்டும் இரண்டு பேராகச் செய்யட்டும், இரண்டு பக்கமும் ஆள் இருந்தால்தான் நேராக வரும். எட்டு வயதுக்குத் தன் டிபன் பாக்ஸ் கழுவுவது, கூட்டுவது, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வருவது. குண்டு மிளகாயில் காம்பு கிள்ளுகிற வேலையை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் என்று நமக்குப் பெருமை, பிள்ளை அதே கையால் கண்ணைக் கசக்கினால் ஊர் கூடிவிடும்.

உன் பெரியவர்கள் இரண்டு பேரும் பள்ளியில் சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளா? அங்கே சாப்பிட்ட தட்டை அவர்களேதான் கழுவுகிறார்கள், வரிசையில் நின்று, ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றி. என் பள்ளியில் ஒரு பையன் வருஷக்கணக்கில் தினமும் கழுவினான். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்த மாட்டான் என்று அவன் அம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு நாள் போய் அந்தக் குழாயடியைப் பார்த்துவிட்டு வா. வீட்டிலும் அதே போல் தட்டு வைக்கிற இடம், தண்ணீர் எடுக்கிற சொம்பு எல்லாம் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.


மண்டபம் போட்டு:

நான் போட்டில் போகிறவன், அதனால் அண்ணன் பக்கத்துப் பேச்சு. அம்மா பேரனிடம் விளக்குமாற்றைப் பிடுங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் மதினி: போட்டில் சோறு ஆக்குவது யார்?

கடலில் பொம்பளை ஆள் ஏது. உலை வைப்பது, மீன் அறுத்துக் குழம்பு வைப்பது, சட்டி கழுவுவது, அடியில் ஐஸ் தண்ணீரும் செதிலும் தேங்காமல் தளத்தைக் கழுவிவிடுவது எல்லாம் ஆம்பளைதான். புதிதாக வருகிற பையனுக்கு முதலில் கிடைப்பதே அந்த வேலைதான், வலையில் கை வைக்க விடுவது அப்புறம்தான். சோறாக்கத் தெரியாத பையன் படுகிற பாடும் படகோட்டி விடுகிற வார்த்தையும் எனக்குத் தெரியும். அம்மாவின் வீட்டுக்காரரும் கடலுக்குப் போனவராக இருந்தால் அவர்களுக்கே இது தெரியும், கரையில் மறந்துவிடுவார்கள்.

இன்னொரு விஷயம் அண்ணன் காதில் போடுங்கள். கடலில் இருந்து வந்து அசந்து தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம், அந்த அலுப்பு வேறு. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் ஆள் கரையில்தான். போட்டு பராமரிப்பு, வலை வேலை இருக்கும், இருந்தாலும் ராத்திரி வீட்டில். பள்ளி லீவும் அப்போதுதான் வரும். பையனுக்கு வேலை பழக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் வீட்டு முன்னால் உட்கார்ந்து வலை கட்டும்போது என் மகன் வலை ஊசியில் நூல் ஏற்றிக் கொடுப்பான். முடிந்ததும் வெட்டிப்போட்ட நூல் துண்டுகளை இரண்டு பேருமாகக் கூட்டி அள்ளுவோம். நான் கூட்டுகிறேன், அவன் அள்ளுகிறான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, ஆம்பளை கூட்டலாமா கூடாதா என்று அவன் யோசித்ததும் இல்லை.

மீன் வேலையும் கொடுக்கலாம், நெத்திலி இருக்கிறதே, கத்தியே வேண்டாம், தலையை விரலால் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு நல்ல வேலை. ஆனால் ஓரா, கெளுத்தி, திருக்கை இருக்கிற கூடைப் பக்கம் பிள்ளைகள் கை போகக்கூடாது. செத்த மீனாக இருந்தாலும் முள் குத்தினால் கடுப்பு உயிர் போகும். குத்திவிட்டால் பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் கையை வைத்துக் கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், சூட்டில் அந்தக் கடுப்பு இறங்கும். பெரியவர் ஒருவர் முதலில் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொள்ளுங்கள், வலியில் பிள்ளைக்குச் சூடு தெரியாது.


தங்கச்சிமடம் மருமகள்:

போட்டுக்காரத் தம்பி, ரொம்ப நன்றி. ராத்திரி சாப்பிடும்போது அத்தையிடம் கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "உங்க மாமா கணவாய்க் குழம்பு வைப்பாரு பாரு, போட்டுல அவரு கைச் சமையலுக்குத்தான் ஆள் சேரும்" என்று ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. விளக்குமாற்றுக்கு இன்னும் சம்மதம் வரவில்லை. ஆனால் பூண்டு உரிக்கப் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். முழங்கால் வலிக்காத வேலை.

லாத்தா, மூடி வேலையை மூன்று வயதுக்காரிக்குக் கொடுக்கலாமா? தண்ணீர் என்றால் அவளுக்குப் பைத்தியம், டிரம்முக்குள்ளேயே எட்டிப் பார்க்கிறாள். அதுதான் பயம்.


கீழக்கரை லாத்தா:

கொடுங்கள், ஆனால் குடத்து மூடி மட்டும். டிரம் பக்கம் தனியாக விடவே கூடாது. தலைகீழாக விழுந்தால் அந்த வயதுப் பிள்ளைக்கு எழத் தெரியாது, ஒரு வாளித் தண்ணீரே போதும். சத்தமும் வராது. டிரம்முக்கு இறுக்கமான மூடி போட்டு மேலே கனமாக எதையாவது வையுங்கள், பக்கத்தில் ஏறி நிற்க ஸ்டூல் இருக்கக்கூடாது.

மூடி இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். டெங்கு கொசு முட்டை போடுவது நாம் பிடித்து வைக்கிற இந்த நல்ல தண்ணீரில்தான், முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள் பாத்திரங்களைக் காலி செய்து உள்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை அந்த வேலை. சின்னக் குடம், சொம்பு, கோழிக்கு வைக்கிற தண்ணீர்ச் சட்டி எல்லாம் பிள்ளைகள், டிரம் நான். கழுவுகிற தண்ணீரை வீணாக்காமல் முருங்கை மரத்துக்கு ஊற்றச் சொல்லுங்கள், உங்கள் நாத்தனார் சார்ட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னதும் கணக்கில் வந்துவிடும்.


தொண்டி டீச்சர்:

லாத்தா சொன்னது சரி. மருமகளே, எல்லோரும் பையனைப் பற்றியே பேசிவிட்டோம். மூத்தவள் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாய், அதைப் பார். அவளுக்குப் புதிதாக ஒரு வேலையும் கொடுக்காதே. இப்போது செய்வதில் இரண்டு வேலையை எடுத்துத் தம்பிக்கு மாற்று. அவன் மறந்தால் அக்காவை அனுப்பாதே, மறந்தது மறந்ததாகவே கிடக்கட்டும், தட்டு எடுத்து வைக்கவில்லை என்றால் சோறு பரிமாறுவதற்கு முன்னால் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருங்கள். பசிக்கிற வீட்டில் யாராவது ஒருவர் அவனைப் பார்ப்பார்கள், அது போதும், நீ வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அவள் எழுந்து ஓடினால் கையைப் பிடித்து உட்கார வை.

அப்புறம் விளக்குமாறு பெரியவர்கள் உயரத்துக்கு இருந்தால் பிள்ளைக்குத் தோள்தான் வலிக்கும், மணல் நகராது. தேய்ந்த பழைய விளக்குமாற்றில் பாதி ஈர்க்கை உருவி, நுனியில் ஒரு சாண் வெட்டி எடுத்து, அவன் கைப்பிடிக்கு ஏற்ற மாதிரி இறுக்கிக் கட்டிக் கொடு. அத்தை பார்க்காத நேரமாகப் பார்த்துக் கொடு.